உறங்காத இயந்திரம்

வல்லக்கோட்டையைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகியதுபோலவே, கணினி பயின்ற இளைஞர்களும் நம் கிராமங்களில் பெருகியுள்ளனர். ஊராட்சிக்கு இணையதளம் அமைத்துத் தர அவர்கள் முன்வரும்போது, அங்கத்தினர்கள் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம்.

இணையதளத்தின் பக்கங்களைச் சேமித்து வைத்து, கேட்போர்க்கெல்லாம் அனுப்பும் கணினியே சர்வர் எனப்படும். அது மேல்நிலை நீர்த்தொட்டி போன்றது. தொட்டி வறண்டால் எந்தக் குழாயிலும் நீர் வராது. 1990-ஆம் ஆண்டு ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலைச் சர்வரை இயக்கினார். அதன் மின்சாரத்தை எவரும் நிறுத்தலாகாது என்று அதன்மேல் எழுதி ஒட்டியிருந்தார். அதுவே நமக்கு முதற்பாடம்.

ஊராட்சி அலுவலகத்து மேசைமேல் சர்வரை வைத்தால் மின்தடையும் இடியும் தூசும் அதனைக் கெடுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரமின்றித் தவித்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே, ஜெனரேட்டரும் குளிர்சாதனமும் இடையறாக் கண்காணிப்பும் உள்ள தரவு மையத்தில் வாடகைக்கு இடம் பெறுவதே சிக்கனம்.

ஆயினும், சாவி நம்மிடமே இருக்க வேண்டும். தளத்தின் பெயர் தனியார் பெயரிலன்றி ஊராட்சியின் பெயரிலேயே பதிவாகட்டும். கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரையுடன் காப்பதும், புதுப்பிக்கும் தேதியைப் பதிவேட்டில் குறிப்பதும் அவசியம். மாதந்தோறும் ஒரு நகலை வேறிடத்தில் வைத்து, அது திறக்கிறதா என்றும் சோதித்தல் வேண்டும். இன்றேல், அமைத்த இளைஞர் வேலை தேடி வெளியூர் சென்றதும் தளமும் மூடிவிடும். ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராம சபையின் தீர்மானங்களும் அதனுடன் மறையும்.