ஹைவேயில் ஜில்... ஸ்ரீரங்கத்தில் அடுப்பு! பெரிய பைக் ஏன் காலைச் சுடுகிறது?

சென்னையில் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் என்று சுமார் 320 கிலோமீட்டர் ஓட்டியாச்சு. பைக் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வந்துவிட்டது. சமயபுரம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட் நெரிசலில் நுழைந்தீர்கள். கொள்ளிடம் பாலத்தில் கொஞ்சம் காற்று. அப்புறம் திருவானைக்காவல், ஸ்ரீரங்கம். சித்திரைத் தேர் சமயம் வேறு. சித்திரை வீதிகள் பக்கம் போகவே முடியவில்லை. பத்து நிமிஷம் ஊர்ந்ததும் தொடையில் யாரோ தோசைக்கல்லை வைத்த மாதிரி இருக்கிறது. ‘இன்ஜின் போச்சா?’ என்று மனசு பதறுகிறது.

பெரும்பாலும் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பாவம், உங்கள் கால்தான்.

எவ்வளவு சூடு, எங்கே போகிறது?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் தரும் ஒரு பைக், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 3.2 லிட்டர் பெட்ரோல் எரியும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 33 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஆக, விநாடிக்கு விநாடி கிட்டத்தட்ட 29 கிலோவாட். அதில் சக்கரத்துக்குப் போவது கால்பங்கு அல்லது கொஞ்சம் கூட. மீதி 20 கிலோவாட்டுக்கு மேல் வெறும் சூடு. 1000 வாட் அயர்ன் பாக்ஸ் இருபதை இரண்டு கால்களுக்கு நடுவே ஆன் பண்ணி வைத்த கணக்கு.

இதில் பெரும்பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போகிறது. மற்றது சிலிண்டர் சுவர், ஆயில், ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கலக்கிறது. ஹைவேயில் அந்தக் காற்று இலவசமாகக் கிடைக்கிறது. சிக்னலில் நின்றால் எரியும் பெட்ரோல் குறையும், ஆனால் காற்றே இருக்காது. மணிக்கு அரை லிட்டர்தான் எரிகிறது என்றாலும் அது நாலரை கிலோவாட். வண்டி நகராததால் மொத்தமும் சூடுதான். அது மேலே ஏறி வருவது உங்கள் முழங்காலுக்கு.

புல்லட் சுடலையே, இது மட்டும் ஏன்?

“எங்க அப்பா வண்டி இப்படிச் சுடவே இல்லையே” என்று சொல்லாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. ஓரளவு உண்மைதான். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, பிறகு திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட், வார்ப்பிரும்பு சிலிண்டரும் துடுப்பு துடுப்பான ஃபின்களும் கொண்ட ஒற்றை சிலிண்டர் வண்டி. குறைந்த சக்தி, நிதானமான ஓட்டம். வெளியேற்ற வேண்டிய சூடும் குறைவு.

2018-இல் வந்த இன்டர்செப்டர் 650-இல் 648 சிசி, இரட்டை சிலிண்டர். ஃபின்களோடு முன்பக்கம் ஒரு ஆயில் கூலரும் சேர்ந்துகொண்டது. 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450-இல்தான் ராயல் என்ஃபீல்டு முதன்முறையாக லிக்விட் கூலிங்குக்குப் போனது. 452 சிசியில் 40 பிஎஸ் சக்தி எடுக்கும்போது ஃபின் மட்டும் போதாது.

இன்னொரு காரணம், பிஎஸ்-6. 2020 ஏப்ரல் 1 முதல் அமலான இந்த விதியால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் வேலை கூடியது. அது புகையைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால், தானே சில நூறு டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். பல வண்டிகளில் அது இருப்பது இன்ஜினுக்கு அடியில், உங்கள் பாதத்துக்குப் பக்கத்தில். ‘அதைக் கழற்றிடலாம் பாஸ், சூடு குறையும்’ என்று சொல்லும் கடைகள் உண்டு. கழற்றினால் புகை அளவு எகிறும், வாரன்டி போகும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் குறுக்கே வரும். அதற்குப் பதில் ஒரு நல்ல ரைடிங் பேன்ட் வாங்குவது உருப்படியான செலவு.

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கும் இதே தலைவலிதான். ஹார்லி டேவிட்சனின் சில டூரிங் மாடல்களில், நிற்கும்போது சூடு ஏறினால் பின் சிலிண்டர் எரிவதை நிறுத்திக்கொள்ளும். டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4-இலும் ஐடிலிங்கில் பின்பக்க சிலிண்டர்கள் ஓய்வெடுக்கும். ஓட்டுகிறவரின் தொடைக்கு நேர் கீழே இருப்பவை அவைதான்.

சிக்னலில் ஆஃப் பண்ணலாமா?

ஏர் கூல்டு, ஆயில் கூல்டு வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம். அரை நிமிஷத்துக்கு மேல் நிற்கப் போகிறீர்கள் என்றால் ஆஃப். லிக்விட் கூல்டில் கொஞ்சம் கவனம் வேண்டும். இன்ஜினை நிறுத்தினால் கூலன்ட்டைச் சுற்றவிடும் பம்பும் நின்றுவிடும். உலோகத்தில் தேங்கிய சூடு அங்கேயே நின்று, மீட்டரில் வெப்பம் சில நிமிஷம் ஏறிக் காட்டும். அதனால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது, இதோ நகரப் போகிறோம் என்றால் ஓடட்டும். பால்பண்ணை சந்திப்பில் நீளமாக மாட்டிக்கொண்டால் ஆஃப் பண்ணிவிடுங்கள்.

ஆக்சிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் குளிரும் என்பது பொய். கூடுதல் பெட்ரோல், கூடுதல் சூடு. அதைவிட மோசம் அரை கிளட்ச்சில் இஞ்ச் இஞ்சாக ஊர்வது. கிளட்ச் தட்டுகள் உரசும் சூடு நேராக ஆயிலில் இறங்கும். முன் வண்டியோடு ஒட்டாமல் பத்தடி இடம் விட்டு, முதல் கியரில் கிளட்ச்சை முழுக்க விட்டு நகருங்கள். ஷேர் ஆட்டோக்காரர் அந்த இடத்தில் நுழைவார்தான், நுழையட்டும்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியது

ஆயில் அளவை வண்டியை நேராக நிறுத்திப் பாருங்கள், சைடு ஸ்டாண்டில் சாய்த்து அல்ல. கிரேடு, மேனுவலில் சொன்னதே. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று கவனியுங்கள். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம்.

ரேடியேட்டர், ஆயில் கூலர் முன்னால் என்ன இருக்கிறது? இரவு ஹைவேயில் அடிபட்ட பூச்சி, சேறு, கூடவே நீங்கள் ஆசையாக மாட்டிய ஃபாக் லைட், கிராஷ் கார்டு பை. காற்று வரும் வழியை நாமே அடைத்துவிட்டு வண்டியைத் திட்டுகிறோம். பூச்சியை மெதுவான தண்ணீரில், மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னை நெருக்கமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கூலன்ட் குறைந்திருந்தால் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு படிந்து உள்வழிகள் அடைபடும். அவசரத்துக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பரவாயில்லை.

இதுவரை சொன்னதில் மிக முக்கியமானது அடுத்தது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான், சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அது ஆவியாகி முகத்தில் பீச்சியடிக்கும். வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி, நிறுத்தி, மூடியை வெறும் கையால் தொட முடிகிற வரை காத்திருங்கள். முக்கால் மணி நேரம் ஆனாலும் சரி. கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம். உலோகம் விரிசல் விடலாம்.

வண்டி ஓகே, நீங்க?

நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. கத்திரி வெயிலில் திருச்சி 40 டிகிரியைத் தொடும் நாளில், முகத்தில் அடிக்கும் காற்று உங்களைக் குளிர்விக்காது, சூடேற்றும். அப்போது காப்பாற்றுவது வியர்வை உலர்வது மட்டும்தான். ஜாக்கெட்டுக்குள் ஈரமான பருத்தி பனியன், மணிக்கொரு முறை தண்ணீர், கூடவே ஓஆர்எஸ். தலை சுற்றல், குமட்டல், வியர்வை திடீரென்று நிற்பது... இவை வந்தால் பைக்கை நிறுத்தி நிழலுக்குப் போய்விடுங்கள். கூட வந்தவர் பேச்சு குழறினால் 108-ஐ அழையுங்கள். காலை 10 மணிக்குள் ஊர் சேர்கிற மாதிரி கிளம்பினால் இதில் பாதி தேவைப்படாது.

கடைசியாக, ஸ்ரீரங்கத்துக்கே உரிய ஒரு விஷயம். லாட்ஜில் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு அதே பைக்கில் கோயிலுக்குப் போகிறவர்கள் நிறைய. 650 இரட்டை சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் சைலன்சர் குழாய் இரண்டு பக்கமும் உண்டு. வெறும் கெண்டைக்கால் பட்டால் கொப்பளம் நிச்சயம். பின்னால் புடவையில் உட்காருபவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். லாட்ஜிலிருந்து ராஜகோபுரத்துக்கு ஆட்டோ பிடியுங்கள். இல்லை, வண்டியில்தான் போவேன் என்றால், நிறுத்தும்போது சைலன்சர் பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும். தேர்க் கூட்டத்தில் குழந்தைகள் கை அந்த உயரத்தில்தான் இருக்கும்.