அடுத்த பாடல் எது? அதனைத் தீர்மானிப்பவர் யார்?

ஒரு பாடலுக்குப் பின்னர் எந்தப் பாடல் ஒலிக்க வேண்டும் என்பது அற்ப விடயமாகவே பலருக்கும் தோன்றக்கூடும். ஆயினும் 2021 நவம்பரில், இணையவழி இசைச் சேவைகளில் முன்னணியில் நிற்கும் ஸ்பொட்டிபை நிறுவனம், ஒரு பாடகியின் வேண்டுகோளை ஏற்றுத் தனது செயலியின் அமைப்பையே மாற்றிக்கொண்டது. பிரித்தானியப் பாடகி அடேல், '30' என்னும் இசைத்தொகுப்பை அம்மாதம் வெளியிட்டிருந்தார். அக்காலத்தில் தொகுப்பொன்றின் பக்கத்தைத் திறந்து பிரதான பொத்தானை அழுத்தினால், பாடல்கள் வரிசை கலைந்தே ஒலிக்கத் தொடங்கின. கலைஞர்கள் சிந்தித்து அமைத்த வரிசையிலேயே பாடல்கள் கேட்கப்பட வேண்டும் என அடேல் வாதிட்டார். அதன் விளைவாகச் சந்தா செலுத்துவோருக்கு அந்தப் பொத்தான் வரிசைப்படி ஒலிக்கும் வகையில் மாற்றப்பட்டது. கலைத்துக் கேட்கும் வசதி அகற்றப்படவில்லை. அதனை விரும்புவோர் தாமாகத் தெரிவு செய்ய வேண்டும் என்ற நிலை வந்தது.

இச்சம்பவம் உணர்த்துவது ஒன்றுதான். நாம் எதனையும் தெரிவு செய்யாதபோதும் எமக்காக ஒரு தெரிவு நிகழ்ந்துவிடுகின்றது. அதனைச் செய்தவர் யார், எதன் பொருட்டுச் செய்தார் என்பதை அறிந்துகொள்வது இசை கேட்கும் ஒவ்வொருவருக்கும் அவசியமாகும்.

வரிசைக்கு ஒரு வரலாறு

வரிசை என்பது இசைக்குப் புதிதன்று. கர்நாடக இசைக் கச்சேரி இன்று வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகளின் வழியே விரிவான பகுதியை எட்டி, துக்கடாக்களைக் கடந்து மங்களத்தில் நிறைவுறுகின்றது. இவ்வொழுங்கை நிலைபெறச் செய்தவராக அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் போற்றப்படுகின்றார். ஆலயத்தில் சுவாமி புறப்படுகையில் நாதஸ்வரத்தில் மல்லாரி ஒலிப்பதும் ஓர் ஒழுங்கின்படியே. இலங்கை வானொலியில் 1952இல் தொடங்கி இந்திய உபகண்டத்தையே கட்டிப்போட்ட அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சியின் கவர்ச்சி, பாடல்களை விடவும் அவை தரவரிசையில் கீழிருந்து மேலாக வந்த முறையிலேயே தங்கியிருந்தது எனலாம்.

பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே அடங்கின. 1948இல் வந்த நெடுநேர இசைத்தட்டில் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கும் மேல் அடங்கியதால், பாடல்களை எவ்வாறு அடுக்குவது என்ற கேள்வி முக்கியத்துவம் பெற்றது. 1963இல் அறிமுகமான ஒலிநாடா கேட்பவரை வரிசைக்குக் கட்டுப்படுத்தியது. வேண்டிய பாட்டை அடைய நாடாவை ஓட்டியே ஆகவேண்டும். 1982இல் இறுவட்டு வந்த பின்னரே, பொத்தான் ஒன்றின் மூலம் பாடல்களைக் கலைத்துக் கேட்பது சாதாரண வழக்கமாயிற்று. 2005 ஜனவரியில் அப்பிள் நிறுவனம் திரையே இல்லாத 'ஐபொட் ஷபிள்' என்னும் கருவியை வெளியிட்டு, கலைத்தலையே விற்பனைச் சரக்காக்கியது.

எழுமாறு என்பது என்ன?

கலைத்தல் என்பதன் கணிதம் சுவையானது. பத்துப் பாடல்களை 36,28,800 விதமாக வரிசைப்படுத்தலாம். இவற்றுள் ஒன்றைப் பாரபட்சமின்றித் தெரிவு செய்வதற்கான முறையை ரொனால்ட் பிஷர், பிராங் யேற்ஸ் என்னும் புள்ளிவிபரவியலாளர்கள் 1938இல் வெளியிட்டனர். 1964இல் அது கணினிக்கு ஏற்றவாறு செம்மைப்படுத்தப்பட்டது. சீட்டுக்கட்டைக் கலைப்பது போல, எல்லாப் பாடல்களும் ஒரு தடவை வந்து முடியும்வரை எந்தப் பாடலும் திரும்ப வராது என்பது இம்முறையின் சிறப்பாகும். அவ்வாறன்றி ஒவ்வொரு தடவையும் தாயம் உருட்டுவது போல ஒரு பாடலைத் தெரிந்தெடுத்தால், 20 பாடல்கள் உள்ள பட்டியலில் முதல் ஆறு பாடல்களுக்குள்ளேயே ஏதோவொன்று மீண்டும் வருவதற்கான வாய்ப்பு பாதிக்கும் அதிகமாகும்.

இனி, ஐந்து பாடகர்கள், ஆளுக்கு நான்கு பாடல்கள் என 20 பாடல்களைக் கொண்ட பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஒரு பாடலை அடுத்து வரக்கூடிய ஏனைய 19 பாடல்களில் மூன்று அதே பாடகருடையவை. பட்டியலில் அடுத்தடுத்த சோடிகள் 19 உள்ளன. எனவே நேர்மையாகக் கலைத்தால், ஒருவரின் இரு பாடல்கள் அருகருகே வரும் சந்தர்ப்பம் சராசரியாக மூன்று தடவை நேரும். இது கணிதத்தின் இயல்பு. ஆனால், கேட்பவரின் மனம் இதனை ஏற்பதில்லை. 'ஒரே பாடகரே வந்துகொண்டிருக்கிறாரே, இது எங்ஙனம் கலைத்ததாகும்?' என்று அது கேட்கின்றது.

இத்தகைய முறைப்பாடுகள் காரணமாகவே அப்பிள் நிறுவனம் 2005 செப்டெம்பரில், ஒரே பாடகர் அடுத்தடுத்து வரும் வாய்ப்பைக் கூட்டவும் குறைக்கவும் வழிசெய்தது. ஸ்பொட்டிபையும் தொடக்கத்தில் பிஷர்-யேற்ஸ் முறையையே கையாண்டு, பின்னர் ஒரே பாடகரின் பாடல்களைப் பட்டியல் முழுவதும் பரவலாக இடும் முறைக்கு மாறியதாக 2014இல் விளக்கமளித்தது. உண்மையான எழுமாற்று ஒழுங்கைக் கைவிட்ட பின்னரே, மக்கள் அதனை எழுமாறானது என நம்பினர்! கலைத்தல் பொத்தானும் பிறர் வகுத்த விதிக்கு உட்பட்டதே என்பது இதிலிருந்து தெளிவாகின்றது.

வரிசைக்குள் நுழைவோர்

ஒரே பாடகரைப் பிரித்து வைப்பது பாதிப்பற்ற திருத்தம். ஏனையவை அவ்வாறானவையல்ல. ஸ்பொட்டிபை 2013 டிசெம்பரில் கையடக்கத் தொலைபேசிகளுக்கு இலவசச் சேவையை விரித்தபோது, பணம் செலுத்தாதோர் பாடல்களைக் கலைந்த வரிசையிலேயே கேட்கலாம் என்று விதித்தது. வரிசை என்பது விலைக்கு விற்கப்படும் பொருளாயிற்று. 2021 பெப்ரவரியில் அச்சேவை இலங்கைக்கு விரிந்தபோது எமது இளைஞர்கள் பலரும் அதனை இவ்வடிவிலேயே அறிந்துகொண்டனர். 2025 செப்டெம்பரிலேயே, இலவசமாகக் கேட்போரும் விரும்பிய பாடலைத் தெரிந்து கேட்கலாம் என, வரையறைகளுடன் அது தளர்த்தப்பட்டது.

2023 மார்ச்சில் வந்த 'ஸ்மார்ட் ஷபிள்' வசதி இன்னுமொரு படி முன்சென்றது. நாம் தொகுத்த பட்டியலில் 15 பாடல்களுக்கு மேல் இருப்பின், மூன்று பாடல்களுக்கு ஒன்று என்ற கணக்கில், நாம் சேர்க்காத பாடல்களை அது இடையிற் செருகுகின்றது. புதிய பாடல்களை அறிய இது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், பந்தியில் நாம் அழையாத விருந்தினரை அமர்த்துவோர் எம்மிடம் கேட்டுச் செய்வதே முறையாகும்.

இதனினும் கவனத்துக்குரியது, தொகுப்பு முடிந்த பின்னரும் செயலி தானாகவே தொடர்ந்து ஒலிக்கும் ஏற்பாடாகும். 2020 நவம்பரில் ஸ்பொட்டிபை ஒரு திட்டத்தை அறிவித்தது. அதில் சேரும் இசை நிறுவனங்கள் தாம் குறிப்பிடும் பாடல்களுக்குக் குறைந்த உரிமத் தொகையை ஏற்றுக்கொண்டால், தானியங்கி ஒலிப்பு போன்ற இடங்களில் அப்பாடல்கள் முன்வருவதற்கான வாய்ப்பு கூடும். ஒரு பாடல் 30 செக்கன்கள் ஒலித்தாலே அது ஒரு தடவை கேட்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகின்றது. 2024 முதல், முந்திய 12 மாதங்களில் 1,000 தடவைகளேனும் கேட்கப்படாத பாடலுக்குப் பதிவுரிமைத் தொகை கிடைப்பதில்லை. எனவே 'அடுத்து வருவது' என்ற இடம் பணமதிப்புள்ள இடமாகும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடலொன்றை உருவாக்கிய இளைஞருக்கு, இவ்விடம் கிடைப்பதும் கிடையாததும் வாழ்வா சாவா என்ற பிரச்சினையாகவும் இருக்கக்கூடும்.

வழிபாட்டில் வரிசை

எமது வாசகர்களிற் கணிசமானோர் இச்செயலிகளைப் பக்திப் பாடல்களுக்கும் மறை ஓதல்களுக்கும் பயன்படுத்துகின்றனர். அங்கு வரிசை சுவை சார்ந்த விடயமன்று. திருக்குர்ஆனின் வசன ஒழுங்கு மாற்றத்துக்கு இடமற்றது. நீண்ட ஸூரா ஒன்று பல துண்டுகளாகப் பதிவேற்றப்பட்டிருக்க, கலைத்தல் பொத்தான் இயங்கிக்கொண்டிருந்தால் நேரக்கூடியதைச் சொல்ல வேண்டியதில்லை. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் எனப் பஞ்சபுராணம் ஓதும் முறைக்கும் ஒழுங்குண்டு. சிலுவைப்பாதையின் 14 நிலைகளுக்கும் அவ்வாறே. ஓதல் நிறைவுற்ற மறுகணமே சினிமாப் பாடல் ஒலிக்கத் தொடங்குவது பலருக்கும் மனவருத்தம் தருவதாகும். செயலிக்கு இவை யாவும் 'பாடல்' என்ற ஒரே இனத்தவை. வேறுபாட்டை அறிந்தவர்கள் நாமே.

எமது கையில் உள்ளவை

இவற்றைக் கட்டுப்படுத்தும் வழிகள் கடினமானவையல்ல. ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரு அம்புக்குறிகள் கலைத்தலைக் குறிக்கும். அவை நிறம் மாறியோ ஒளிர்ந்தோ இருந்தால் கலைத்தல் இயங்குகின்றது என்பது பொருள்; தொகுப்பொன்றைக் கேட்கத் தொடங்குமுன் இதனைப் பார்த்துக்கொள்வது நன்று. வட்டமாகச் சுழலும் அம்புக்குறி மீள ஒலித்தலைக் குறிக்கும். அதனுள் '1' என்ற இலக்கம் தோன்றினால் ஒரே பாடல் திரும்பத் திரும்ப ஒலிக்கும்.

மூன்றாவது 'கியூ' எனும் வசதி. 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் காத்து நின்ற எமக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஸ்பொட்டிபையில் நாம் இவ்வரிசையில் இடும் பாடல், தொகுப்பில் எஞ்சியுள்ளவற்றை முந்திக்கொண்டு ஒலிக்கும். அது முடிந்ததும் தொகுப்பு விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்பிள் மியூசிக்கில் 'அடுத்து ஒலிக்க', 'இறுதியில் ஒலிக்க' என இரு தெரிவுகள் உண்டு. முதலாவதையே திரும்பத் திரும்ப அழுத்தினால், கடைசியாக இட்ட பாடலே முன்னுக்கு நிற்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நான்காவது தானியங்கி ஒலிப்பு. அமைப்புகள் பகுதியில் இதனை நிறுத்திவிட்டால், தொகுப்பு முடிந்ததும் அமைதி நிலவும்.

கலைத்துக் கேட்பது தவறென்பது எமது வாதமன்று. பேருந்துப் பயணத்திலும் சமையலறையிலும் எதிர்பாராது வரும் பழைய பாடல் தரும் மகிழ்ச்சி பெரிது. அது எமது விருப்பத்தின் பேரில் நிகழ வேண்டும் என்பதையே வலியுறுத்துகின்றோம். வானொலிக் காலத்தில் அடுத்த பாடலைத் தெரிவு செய்த அறிவிப்பாளரின் பெயரை நாம் அறிந்திருந்தோம். பிடிக்காவிடின் அவருக்குக் கடிதமும் எழுதினோம். இன்று அந்த ஆசனத்தில் இருப்பவர் பெயரற்றவர், முகமற்றவர். அவரிடமிருந்து தெரிவை மீளப் பெறுவதற்கு ஒரு பொத்தானை அழுத்தினாற் போதுமானது. அப்பொத்தான் எங்கே இருக்கின்றது என்பதை அறிந்து வைத்திருத்தல் வேண்டும்.