இடம்பெயராத் தீர்த்தம்

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைவது ஓர் ஆலயத்திற்குத் தனிச்சிறப்பு என்பர் பெரியோர். சிங்கப்பூர்வாழ் இந்துப் பெருமக்களாகிய நாம் முதலிரண்டைப் பற்றி அடிக்கடி பேசுகின்றோம். தீர்த்தத்தைப் பற்றிப் பேசுவது அரிது. இடநெருக்கடி மிகுந்த இந்நாட்டில் திருக்குளம் எடுக்க நிலம் ஏது? அபிஷேகத்திற்கும் ஆடிப்பெருக்கிற்கும் குழாய் நீரே நமக்குக் கங்கையாகவும் காவிரியாகவும் விளங்குகிறது. எனினும் இச்சிறு தீவிலும் மண்ணைத் திறந்து ஓர் ஊற்றைத் தந்திருக்கிறது இறையருள். செம்பவாங் வெந்நீரூற்றே அது.

ஊற்றின் வரலாறு

இவ்வூற்று 1909-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே பூமியின் ஆழத்திற்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தால் சூடேறி, மீண்டும் மேலெழுந்து வருகிறது. அருகில் எரிமலை ஏதுமில்லை. ஆயினும் சுரக்குமிடத்தில் நீரின் வெப்பம் ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ்.

1920-களில் ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் இந்நீரைப் புட்டிகளில் அடைத்து விற்பனை செய்தது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் இங்கே குளியல் தொட்டிகள் எழுந்தன. ஊற்றைச் சூழ்ந்திருந்த சிற்றூருக்கு 'கம்போங் ஆயர் பானாஸ்' என்பது பெயர். மலாய் மொழியில் அதற்கு 'வெந்நீர்க் கிராமம்' என்று பொருள். 1980-களில் விமானத் தளத்தின் விரிவாக்கத்திற்காக நிலம் கையகப்படுத்தப்பட்டது. கிராமத்தார் வெளியேறினர், ஊற்று வேலிக்குள் நின்றது.

மக்கள் கேட்டுப் பெற்றது

அந்நிலையிலும் ஊற்றின் நினைவு மக்கள் மனத்தைவிட்டு நீங்கவில்லை. ஊற்று நிரந்தரமாகக் கைநழுவிவிடுமோ என்ற கவலை எழுந்தபோது, பல இனத்தவரும் மனுவில் கையொப்பமிட்டு வேண்டிக்கொண்டனர். அதன் பயனாக 2002-ஆம் ஆண்டில் அவ்விடம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வேலிகளுக்கு நடுவே ஒரு நடைபாதை, சில குழாய்கள், ஒரு சிமெண்டுத் தரை ஆகியவை தவிர அங்கு வேறு வசதி பெரிதாக இருக்கவில்லை. எனினும் வாளியும் பிளாஸ்டிக் நாற்காலியும் சுமந்து முதியோர் வந்தவண்ணம் இருந்தனர். மூட்டுவலிக்கு ஆறுதல் தேடிக் கால்களை நனைத்துக்கொண்டு, சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் அருகருகே அமர்ந்து அளவளாவினர்.

2018-இல் மேம்பாட்டுப் பணிகளுக்காக மூடப்பட்ட அவ்விடம், 2020 ஜனவரி 4-ஆம் நாள் தேசியப் பூங்காக் கழகத்தின் பராமரிப்பில் செம்பவாங் வெந்நீரூற்றுப் பூங்காவாகத் திறப்பு விழாக் கண்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 2.2 ஹெக்டர். ஊற்றுநீர் அடுக்கடுக்கான தொட்டிகளில் வழிந்து படிப்படியாக ஆறி, கால் வைக்கத்தக்க இளஞ்சூட்டை அடைகிறது. சக்கர நாற்காலியில் வருவோரும் கால் நனைக்க வழிசெய்யப்பட்டுள்ளது. முட்டை அவிப்பதற்கும் தனியிடம் உண்டு. நுழைவுக் கட்டணம் இல்லை.

ஆலயத்தார்க்கு இதில் என்ன செய்தி?

சிங்கப்பூரின் ஆலயங்கள் பல, ஒருமுறையேனும் இடம்பெயர்ந்தவை. செம்பவாங் வட்டாரத்தில் மரத்தடிச் சன்னிதியாகத் தொடங்கிய புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் பின்னர் ஈசூன் தொழிற்பேட்டைப் பகுதியில் எழுந்தது. எங்கள் செங்காங் வட்டாரத்து அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயமும் வேறிடத்திலிருந்து இங்கு வந்து அமைந்ததே. நிலத்தை விட்டுக்கொடுக்கும் வேளையில் கலாகர்ஷணம் செய்து, தெய்வசக்தியைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, புதிய இடத்தில் குடமுழுக்கு நிகழ்த்துவதற்கு நம் ஆகமங்கள் வழி வகுத்துள்ளன. கோபுரத்தை மீண்டும் எழுப்பலாம். கருவறையைப் புதிதாய் அமைக்கலாம். ஆனால் ஊற்றைக் கும்பத்தில் ஏந்திச் சென்று வேறிடத்தில் சுரக்கச் செய்ய எந்த ஆகமத்திலும் வழியில்லை. அது இருக்குமிடத்திலேயே காக்கப்பட வேண்டும்; இல்லையேல் இழக்கப்பட வேண்டும். மனுவில் கையொப்பமிட்ட மக்கள் இதனை உணர்ந்தே செயற்பட்டனர் எனலாம்.

இலங்கையில் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்றை நம்மில் பலர் அறிவர். தன் அன்னையின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை அங்குள்ள ஏழு கிணறுகள் என்பது ஐதீகம். செம்பவாங் ஊற்றுக்கு அத்தகைய தலபுராணம் இல்லை. அதனால் அதன் பெருமை குறைந்துவிடாது. கேட்பாரற்றுக் கிடந்ததைப் பலரும் கூடி மீட்டார்கள் என்பதே அதற்குப் போதுமான புராணம்.

நம் கடமை

குடும்பத்துடன் அங்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அது பல சமயத்தார்க்கும் பொதுவான இடம். தீர்த்தம் என்னும் பக்தி மேலீட்டால் மலர், மஞ்சள், எண்ணெய் போன்றவற்றைத் தொட்டிகளில் இடுதல் தகாது. நீரைத் தூயதாக வைத்திருப்பதே அதற்கு நாம் செய்யும் அர்ச்சனை. நீரிழிவு நோயால் பாதங்களில் உணர்வு குன்றியவர்கள் சூட்டை அறியாமல் புண்பட நேரலாம். அவர்கள் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே கால் நனைக்க வேண்டும்.

செங்காங்வாசிகளாகிய நமக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. நம் வீடுகளுக்கு அருகே ஓடிய பொங்கோல் ஆறு 2011-இல் நீர்த்தேக்கமாயிற்று. அதன் கரையில் செங்காங் ஆற்றோரப் பூங்கா உள்ளது. நீர்மேல் மிதக்கும் சதுப்புத் தோட்டமும் உண்டு. நாம் பருகும் நீருக்கு அந்நீர்த்தேக்கமும் ஓர் ஆதாரம். திருவிழா முடிந்ததும் மாலைகளையும் பூசைப் பொருள்களையும் அங்கே விடாமல் காப்பது, வேள்வியை முறைப்படி நிறைவு செய்வதற்கு ஒப்பாகும். ஆலயத் திருப்பணிக்கு நன்கொடை வழங்கும் அதே கைகள் ஆற்றங்கரைத் துப்புரவுப் பணிக்கும் நீளுமாயின், மூர்த்தியும் தலமும் வாய்க்கப்பெற்ற நாம் தீர்த்தமும் வாய்க்கப்பெற்றவர்களாவோம். அதற்கு எல்லாம்வல்ல வேலவன் அருள்புரிவானாக.