உறுமலை அடக்கும் ஒற்றை ரெசிஸ்டர்

சொந்தமாகச் செய்த மிக்ஸரை மேசையில் வைத்து ஹெட்போனில் கேட்டால் ஒலி சுத்தமாக இருக்கும். அதையே மண்டபத்துக்குக் கொண்டுபோய், முப்பது மீட்டர் கேபிள் இழுத்து ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் 'ம்ம்ம்' என்று உறும ஆரம்பித்துவிடும். சர்க்யூட்டில் குறை இல்லை. வழியில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சார ஒயர்கள் கேபிளில் தங்கள் இரைச்சலை ஏற்றுகின்றன. இரு கருவிகளின் எர்த்துக்கும் இடையே உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

நடுவில் ஒரு கம்பியும் சுற்றிலும் ஷீல்டும் உள்ள சாதாரண கேபிளில், சிக்னல் திரும்பும் பாதையும் எர்த் இரைச்சல் ஓடும் பாதையும் ஒன்றே. பேலன்ஸ்டு இணைப்பில் சிக்னலுக்கென்றே இரண்டு கம்பிகள், ஷீல்டு தனி. எக்ஸ்.எல்.ஆர். கனெக்டரில் 2-ஆம் பின் ஹாட், 3-ஆம் பின் கோல்டு, 1-ஆம் பின் ஷீல்டு. பேலன்ஸ்டு உள்ளீடு கொண்ட ஆம்ப்ளிஃபயர், 2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துபோகும். இந்த யோசனை புதிதல்ல: தொலைபேசியில் இரைச்சலைத் தவிர்க்க, முறுக்கிய இரட்டைக் கம்பிக்கு கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை பெற்றிருக்கிறார்.

கோல்டு பின்னில் தலைகீழ் சிக்னல் கட்டாயம் இருக்க வேண்டும் என்றே பலரும் நம்புகிறார்கள். இரைச்சலை நீக்குவதில் அதற்குப் பங்கே இல்லை. இரு கம்பிகளிலிருந்தும் எர்த்துக்கு உள்ள மின்மறுப்பு சமமாக இருப்பதுதான் முக்கியம். ஆம்ப்ளிஃபயர் உள்ளீட்டில் ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 10,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மிக்ஸர் பக்கம் ஒன்றில் 100 ஓம், மற்றதில் பூஜ்யம் என்றால், இரைச்சலில் நூறில் ஒரு பங்கு கழியாமல் தங்கும். 40 டெசிபெல் தணிப்புதான். வித்தியாசம் 1 ஓம் என்றால் தங்குவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தணிப்பு 80 டெசிபெல்.

ஆகவே வேலை மிக எளிது. மிக்ஸரின் கடைசி ஆப்-ஆம்பிலிருந்து 100 ஓம் வழியாக 2-ஆம் பின்னுக்கு இணைப்பு இருக்கட்டும். 3-ஆம் பின்னிலிருந்து எர்த்துக்கு இன்னொரு 100 ஓம் போட்டால் போதும். ஆப்-ஆம்பின் சொந்த மின்மறுப்பு ஏறக்குறைய பூஜ்யம் என்பதால் இரு பக்கமும் சமமாகிவிடும். ஹாட் பக்கத்தில் கெப்பாசிட்டர் இருந்தால் கோல்டு பக்கத்திலும் அதே மதிப்பில் ஒன்று வேண்டும். கடையில் விற்கும் பல மிக்ஸர்களிலும் இந்த முறைதான்.

இன்னொரு ஆப்-ஆம்ப், இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் சேர்த்துத் தலைகீழ் சிக்னலும் தரலாம். ஒலி அளவு 6 டெசிபெல் கூடும். ஆனால் சாதாரண உள்ளீட்டில் சொருகும்போது 3-ஆம் பின் எர்த்தோடு ஷார்ட் ஆகி, அந்த ஆப்-ஆம்ப் திணறும். ஒற்றை ரெசிஸ்டர் முறையில் இந்தத் தொல்லை கிடையாது. வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

1-ஆம் பின்னை போர்டின் எர்த் பாதையில் இணைக்காதீர்கள். கனெக்டர் அருகிலேயே உலோகப் பெட்டியோடு இணையுங்கள். இல்லையென்றால் ஷீல்டில் வரும் இரைச்சல் சர்க்யூட்டுக்குள் புகுந்துவிடும் என்பதை ஒலிப் பொறியாளர் நீல் மன்சி 1995-இல் விளக்கி எழுதினார். மைக் உள்ளீட்டில் சொருக நேர்ந்தால் மைக்குக்காக அனுப்பப்படும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் எதிரே வரலாம். கெப்பாசிட்டர்கள் 63 வோல்ட் தாங்குபவையாக இருக்கட்டும்.

ரெசிஸ்டர் வாங்கும்போது 1 சதவீத மெட்டல் ஃபிலிம் வகையாகக் கேளுங்கள். பத்து வாங்கி, மல்டிமீட்டரில் அளந்து, மதிப்பு மிக நெருங்கியிருக்கும் இரண்டை எடுத்துச் சால்டர் செய்யுங்கள்.