சோம்பல் அல்ல, நோய்: நாட்பட்ட சோர்வை அறிந்துகொள்வோம்

விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கும் போகும் தாய்மார்களுக்கு அசதி புதிதல்ல. செம்பனைக் குலை வெட்டுபவருக்கும், தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கும் அப்படித்தான். ஆனால், அந்த அசதி நல்ல தூக்கத்தில் குறைந்துவிடும். எவ்வளவு ஓய்வெடுத்தாலும் குறையாமல், மாதக்கணக்கில் ஒருவரை முடக்கிப்போடும் சோர்வு வேறு. மருத்துவம் அதை நாட்பட்ட சோர்வு நோய் என்கிறது. 'எம்.இ./சி.எஃப்.எஸ்.' என்பது அதன் சுருக்கப் பெயர்.

மே 12ஆம் தேதி இந்நோய்க்கான அனைத்துலக விழிப்புணர்வு நாள். நவீன தாதிமைத் துறையின் முன்னோடியான புளோரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாளும் அதுவே. அவர் நீண்டகாலம் நோயுற்று, படுக்கையில் இருந்தபடியே எழுதிப் பணியாற்றியவர்.

அறிகுறிகள் என்ன?

2015இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை முக்கிய அறிகுறிகளை வரையறுத்தது. முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்குச் சோர்வு 6 மாதங்களுக்கு மேல் நீடிக்கும். தூங்கி எழுந்தாலும் தெம்பு இருக்காது. இவற்றோடு மறதி, கவனக்குறைவு போன்ற மூளைத் தடுமாற்றமோ, எழுந்து நின்றால் தலைசுற்றலும் படபடப்புமோ இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. சிறிய வேலை செய்தாலும் பிறகு உடல்நிலை மோசமாகும். துணி துவைத்ததோ, கல்யாண வீட்டுக்குப் போய்வந்ததோ போதும். அன்று சமாளித்துவிடுவார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுத்தால், எழுந்திருக்கப் பல நாட்கள் ஆகலாம். வட்டிக்கு வாங்கிய கடன் போல, இன்று செலவழித்த சக்தியை உடல் இரட்டிப்பாகத் திருப்பிக் கேட்கிறது.

பலருக்கு ஏதோ ஒரு கிருமித்தொற்றுக்குப் பிறகே இது தொடங்குகிறது. கோவிட்டுக்குப் பின் நீண்டநாள் அவதிப்படுவோரில் கணிசமானோரிடமும் இதே அறிகுறிகள் காணப்படுகின்றன. ஆண்களைவிடப் பெண்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

நம்பப்படாத நோயாளிகள்

1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறத்தாழ 300 ஊழியர்கள் இதுபோன்ற நோயால் பாதிக்கப்பட்டார்கள். 15 ஆண்டுகள் கழித்து, நோயாளிகளை நேரில் பார்க்காத இரண்டு மனநல மருத்துவர்கள், அது வெறும் மனக்கோளாறு என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்களே அதிகம் என்பதை அதற்கு ஒரு காரணமாகக் காட்டினார்கள். அந்தப் பழி பல ஆண்டுகள் நீங்கவில்லை.

அதன் விளைவு சிகிச்சையிலும் தெரிந்தது. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் சரியாகும் என்று பிரிட்டனில் பல ஆண்டுகள் பரிந்துரைக்கப்பட்டது. அதனால் நிலைமை மோசமானது என்று நோயாளிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2021 அக்டோபரில்தான் பிரிட்டனின் நைஸ் அமைப்பு அந்தப் பரிந்துரையை வழிகாட்டியிலிருந்து நீக்கியது.

நம் வீடுகளிலும் இந்தப் பேச்சு உண்டு. "இந்த வயசில் என்ன களைப்பு?", "நாங்கள் பார்க்காத வேலையா?" என்போம். கண்பட்டிருக்கும் என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவோம். சுற்றிப் போடுவதால் தீங்கில்லை. ஆனால், படுத்திருப்பவரை எழுப்பி வேலை வாங்குவது தீங்கு.

என்ன செய்யலாம்?

முதலில் மருத்துவரைப் பாருங்கள். எல்லாச் சோர்வும் இந்த நோயல்ல. இரத்தச்சோகை, நீரிழிவு, தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத்தடை, மன அழுத்தம் ஆகியவையும் சோர்வைத் தரும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ, காரணமில்லாமல் உடல் இளைப்பதோ இருந்தால் தாமதிக்கக் கூடாது.

கிளினிக்குக்குப் போகுமுன் இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்: என்ன வேலை செய்தேன், மறுநாள் எப்படி இருந்தேன், எத்தனை மணிநேரம் தூங்கினேன். "களைப்பாக இருக்கிறது, டாக்டர்" என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு முடிந்துவிடலாம். குறிப்பைக் காட்டினால் மருத்துவருக்கு வழி தெரியும். இந்நோயை உறுதிசெய்ய ஒரே ஓர் இரத்தப் பரிசோதனை என்று எதுவும் இன்னும் இல்லை. நோயாளி சொல்லும் விவரமே பெரிய ஆதாரம்.

நோயைக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. தூக்கமின்மை, வலி போன்றவற்றைத் தணிக்க மட்டும் மருந்து உண்டு. உடலின் அளவறிந்து வேலை செய்வதே இப்போதைக்குச் சிறந்த வழி. சமைப்பதையும் துணி துவைப்பதையும் வேறு வேறு நாட்களில் வைத்துக்கொள்ளலாம். காய்கறியை உட்கார்ந்து நறுக்கலாம். உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும் மிஞ்சிப் போகாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். வீட்டில் மற்றவர்கள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டால்தான் இது நடக்கும்.

ஆய்வில் நம் கணக்கு

அமெரிக்காவில் மட்டும் 8 லட்சத்து 36 ஆயிரம் முதல் 25 லட்சம் பேர் வரை இந்நோயால் அவதிப்படலாம் என்றும், அவர்களில் 84 முதல் 91 விழுக்காட்டினருக்கு நோய் கண்டறியப்படவே இல்லை என்றும் அந்த 2015 அறிக்கை கூறியது. கண்டறியப்படாதவர்கள் கணக்கில் வருவதில்லை. கணக்கு சிறிதாக இருந்தால் ஆய்வுக்கு நிதி கேட்பதும் கடினம்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய 'டிகோட்எம்இ' ஆய்வில் நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே எச்சில் மாதிரியைத் தபாலில் அனுப்பினார்கள். படுக்கையில் இருந்தவர்களும் பங்கேற்க முடிந்தது. 15,579 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, நோயோடு தொடர்புடைய 8 இடங்களை அடையாளம் கண்டதாக 2025 ஆகஸ்டில் முதற்கட்ட முடிவு வெளியானது. அவற்றில் சில நோய் எதிர்ப்பு மண்டலத்தோடும் நரம்பு மண்டலத்தோடும் தொடர்புடையவை.

ஆனால், அதில் ஆராயப்பட்டவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். நம்மைப் போன்றவர்களின் உடல் என்ன சொல்கிறது என்று அறிய, நம் பகுதியிலும் ஆய்வுகள் நடக்க வேண்டும். அதற்கு நோயாளிகள் வெளியே தெரிய வேண்டும். மருத்துவரிடம் சொல்வதும், பதிவாவதும், ஆய்வு நடக்கும்போது பங்கேற்பதும் நம்மால் முடிந்தவை. அதற்கெல்லாம் முன்பாக, "முடியவில்லை" என்று வீட்டில் ஒருவர் சொன்னால், அதை நம்புவோம்.