நடையில் தெரியும் வயது

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் இன்றுவரை விடாமல் பின்தொடர்ந்து வருகிறார்கள். எல்லோரும் ஒரே வயதுக்காரர்கள். 26, 32, 38 வயதுகளில் அவர்களுடைய ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரகம், நுரையீரல், ஈறு என்று ஒவ்வொன்றையும் அளந்து ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2015இல் வெளிவந்தன. பிறப்புச் சான்றிதழின்படி அனைவருக்கும் 38 வயது. உடலின் நிலையை வைத்துக் கணக்கிட்டால் சிலருக்கு 28, சிலருக்கு 61. பெரும்பாலானவர்களின் உடல் ஆண்டுக்கு ஓராண்டு என்ற வேகத்தில்தான் மூப்படைந்திருந்தது. ஒரு சிலருக்கு மட்டும் ஒரே ஆண்டில் ஏறத்தாழ மூன்று ஆண்டு மூப்பு ஏறியிருந்தது.

வேகமாக மூப்படைந்தவர்களுக்கு நோய் எதுவும் வெளிப்படையாக வந்துவிடவில்லை. ஆனாலும் கைப்பிடி தளர்ந்திருந்தது, ஒற்றைக்காலில் நிற்கும்போது தடுமாறினார்கள், மாடிப்படி ஏறச் சிரமப்பட்டார்கள். அவர்களை அறியாத மாணவர்களிடம் புகைப்படங்களைக் காட்டியபோது, இவர்களுக்குத்தான் வயது அதிகம் என்று சரியாகச் சுட்டிக்காட்டினார்கள். இதே குழுவினருக்கு 45 வயதானபோது நடை வேகத்தை அளந்தார்கள். மெதுவாக நடந்தவர்களின் மூளை சற்றுச் சுருங்கியிருந்தது; முகமும் மூப்பாகத் தெரிந்தது.

முன்கூட்டியே வரும் முதுமை என்றால் நமக்கு நினைவுக்கு வருவது இளநரையும் முகச்சுருக்கமும்தான். கடைகளில் விற்கப்படுவதும் அவற்றுக்கான மருந்துதான். முகம் சும்மா எதையும் காட்டுவதில்லை என்பது உண்மையே. டென்மார்க்கில் 70 வயது கடந்த இரட்டையர்கள் 1,826 பேரின் புகைப்படங்களை முதியோர் செவிலியர்கள் உள்ளிட்டோரிடம் காட்டி, வயதை மதிப்பிடச் சொன்னார்கள். இரட்டையரில் மூத்தவராகத் தெரிந்தவரே பெரும்பாலும் முதலில் இறந்தார் என்று 2009இல் அந்த ஆய்வு தெரிவித்தது. ஆனால், மூப்பு விரைந்து ஏறும் இடம் ரத்தக்குழாயும் தசையும் எலும்பும். முகம் அதன் செய்தியைச் சொல்கிறது. செய்தியைப் பூசி மறைப்பதில் நாம் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியாவது கால்களுக்குப் போக வேண்டும் என்பதே என் கருத்து.

கால்களைப் பற்றிச் சொல்ல, அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வைவிடச் சிறந்த சான்று இல்லை. 1966இல் ஆரோக்கியமான 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். எழுந்தபோது, கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. பிறகு பயிற்சியால் மீண்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, அந்த ஐவரும் ஐம்பது வயதில் மறுபடி அதே சோதனைக்கு வந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் எடை கூடியிருந்தது, கொழுப்பு ஏறியிருந்தது. இருந்தும் முப்பது ஆண்டுகள் அவர்களிடமிருந்து பறித்த திறன், இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை பறித்ததைவிடக் குறைவு! அதன்பின் ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். அவர்களுடைய திறன், இருபது வயதில் படுக்கைக்குப் போகும் முன் இருந்த அளவுக்குத் திரும்பியது.

வயது செய்யும் சேதத்தையும் அசையாமல் இருப்பது செய்யும் சேதத்தையும் நாம் ஒன்றாகப் போட்டு, “வயசாயிடுச்சு” என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் “பேசாம படுத்துக்கோங்க” என்று பெரியவர்களை வாரக்கணக்கில் கட்டிலில் வைத்திருப்பது நம் வீடுகளில் அன்பின் அடையாளம். மருத்துவர் அனுமதித்த அன்றே அவர்களை எழுந்து நடக்கச் செய்வதுதான் அவர்களுக்குச் செய்யும் நன்மை. இனி முடியாது என்பதற்கும் இடமில்லை. அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்தார் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர். 1990இல் வெளியான அந்த ஆய்வில் அவர்களுடைய கால் வலு இரண்டரை மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது.

தசைக்குப் பயிற்சியோடு புரதமும் வேண்டும். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று ஓடும் தட்டில் அது குறைவு. சுண்டல், பாசிப்பயறு, நிலக்கடலை, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மூன்று வேளையும் இருக்கட்டும்.

அடுத்து, சர்க்கரை. ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் குளுக்கோஸ், புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை இறுக்கி விறைப்பாக்கிவிடும். மூன்று மாதச் சர்க்கரை அளவைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அளப்பதும் சிவப்பணுவில் இப்படி ஒட்டிக்கொண்ட சர்க்கரையைத்தான். சிவப்பணு நான்கு மாதத்தில் மாறிவிடும், மற்றவை அப்படியல்ல. தோலிலுள்ள கொலாஜனில் பாதி புதுப்பிக்கப்படவே ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும். மூட்டுக் குருத்தெலும்பில் நூறு ஆண்டுகளுக்கும் மேல். கண் வில்லையின் மையத்திலுள்ள புரதம் பிறவியிலிருந்து மாறுவதே இல்லை. ஆகவே கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயாளிக்குக் கண்புரை முன்கூட்டியே வருகிறது, தோள்மூட்டு இறுகுகிறது, ரத்தக்குழாய் நெகிழ்வை இழக்கிறது.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. தமிழ்நாட்டின் விகிதம் தேசிய சராசரியைவிட அதிகம். 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த வயது தெற்காசியர்களுக்கு 53, மற்றவர்களுக்கு 59. அந்த ஆறு ஆண்டு வித்தியாசம்தான் நம் மண்ணின் முன்கூட்டிய முதுமை. அதற்கான காரணங்களும் அதே ஆய்வில் இருக்கின்றன: புகையிலை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, கெட்ட கொழுப்பு, உடலுழைப்பின்மை, காய்கனி குறைந்த உணவு, மன அழுத்தம். பெரும்பாலானவை நம் கையில் இருப்பவை. புகையிலையைப் பற்றி நீட்டி எழுத ஏதுமில்லை. பீடி, சிகரெட், ஹான்ஸ் எதுவானாலும் விட்டுவிட வேண்டும். விட்டவருக்கு ரத்தக்குழாய் மீளத் தொடங்குவது எந்த வயதிலும் நடக்கும்.

இனி தோல். அமெரிக்காவில் 28 ஆண்டுகள் பால் வண்டி ஓட்டிய 69 வயது ஓட்டுநர் ஒருவரின் புகைப்படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளியாகி உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கி, வலது கன்னத்தைவிடப் பல ஆண்டு மூத்ததாகத் தெரிந்தது. பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடி, தோலைச் சிவக்கவைக்கும் யுவிபி கதிர்களைத் தடுக்கும். ஆழமாக இறங்கிக் கொலாஜனைச் சிதைக்கும் யுவிஏ கதிர்களை விட்டுவிடும். நம்மூர் ஓட்டுநருக்கு அந்தப் பாதிப்பு வலது கன்னத்தில் வரும்.

நம் தோலின் மெலனின் ஓரளவு காக்கிறது. அதனால் வெள்ளையருக்குச் சுருக்கமாக வெளிப்படும் வெயில் பாதிப்பு, நமக்கு முதலில் கரும்புள்ளியாகவும் மங்காகவும் தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 900க்கும் மேற்பட்டோரிடம் நடந்த பரிசோதனையில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோலில் நாலரை ஆண்டுகளில் மூப்பு கூடியதாகவே தெரியவில்லை. அதே பரிசோதனையில் பீட்டா கரோட்டின் மாத்திரை எந்தப் பலனும் தரவில்லை. மங்கு இருப்பவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் ஆகாது என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் பொருந்தும். வாங்க வசதியில்லாதவர்களுக்குக் குடையும் முக்காடும் தொப்பியும் நல்ல பாதுகாப்பு.

சிவப்பழகு தேடி நாமே வரவழைத்துக்கொள்ளும் மூப்பு ஒன்று உண்டு. அதைப் பார்க்கும்போது உண்மையாகவே வேதனையாக இருக்கிறது. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை, மருந்துக்கடையில் கேட்டு வாங்கி முகத்துக்குத் தினமும் பூசுகிறார்கள். முதல் சில வாரம் முகம் பளிச்சிடும். பிறகு தோல் காகிதம்போல் மெலியும், உள்ளே ரத்தக்குழாய் வரிவரியாகத் தெரியும், வெயில் பட்டால் எரியும், தேவையில்லாத இடத்தில் முடி வளரும். நிறுத்தினால் முகம் சிவந்து கொப்பளிப்பதால் மறுபடி அதையே பூசுவார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்பதற்கு மத்திய அரசு 2018இல் தடை விதித்தும், பழக்கம் ஓயவில்லை. உங்கள் வீட்டில் யாராவது பூசிக்கொண்டிருந்தால் திட்டாதீர்கள், திடீரென்று நிறுத்தவும் சொல்லாதீர்கள். தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பெண்களுக்கு வரும் முன்முதுமையில் யாரும் அதிகம் பேசாத காரணம், நாற்பதைத் தொடுவதற்குள் நடக்கும் கர்ப்பப்பை அகற்றம். அதிக உதிரப்போக்கு, சாதாரண நார்க்கட்டி என்று வருபவர்களிடம் “குழந்தை பெத்தாச்சு, இனி எதுக்கு?” என்று சொல்லி எடுத்துவிடும் வழக்கம் ஆந்திரம், தெலங்கானா, மராட்டியத்தின் கரும்பு வெட்டும் பெண்கள் எனப் பரவிக்கிடக்கிறது. கர்ப்பப்பையோடு இரு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஒரே நாளில் அறுந்துபோகிறது. எலும்பு வேகமாகத் தேய்கிறது, இதய நோய் நெருங்குகிறது. 46 வயதுக்கு முன் இரு சினைப்பைகளும் எடுக்கப்பட்ட பெண்களுக்குப் பல நாட்பட்ட நோய்கள் விரைந்து சேர்வதை, மேயோ கிளினிக்கின் வால்ட்டர் ரோக்கா குழுவினர் 2016இல் எழுதினார்கள். புற்றுநோய் போன்ற உறுதியான காரணம் இருந்தால் அறுவை சிகிச்சையைத் தவிர்க்கக் கூடாது. அது இல்லாதபோது, “மாத்திரையிலோ காப்பர்-டி மாதிரியான ஹார்மோன் சாதனத்திலோ சரிசெய்ய முடியுமா? சினைப்பையை விட்டுவைக்க முடியுமா?” என்று கேட்பது ஒவ்வொரு பெண்ணின் உரிமை. இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள். அறுவை சிகிச்சை இல்லாமலே நாற்பதுக்கு முன் மாதவிடாய் நின்றுபோனாலும் அதை நிம்மதி என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இவற்றோடு, பிறவியிலேயே வரும் முதுமையும் உண்டு. 2009இல் வந்த ‘பா’ இந்திப் படத்தில் அமிதாப் பச்சன் சிறுவனாக நடித்துக் காட்டிய புரோஜீரியா, எல்எம்என்ஏ என்ற ஒரே மரபணுவின் பிழையால் வருகிறது. 2003இல் காரணம் கண்டறியப்பட்டு, 2020இல் லோனாஃபார்னிப் என்ற மருந்துக்கு அமெரிக்கா ஒப்புதல் தந்தது. மிக மிக அரிய நோய் என்பதால் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

இளநரையைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். நம்மவர்க்கு 25 வயதுக்கு முன் வந்தால் அது இளநரை. பெரும்பாலும் பரம்பரைதான். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றை ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பிக்கார்ட் குழுவினர் 2021இல் தனித்தனி முடிகளை ஆராய்ந்தபோது, மன அழுத்தம் தணிந்த காலத்தில் சில நரைமுடிகள் அடியிலிருந்து மறுபடி கருத்ததைக் கண்டார்கள். மன அழுத்தம் உடலுக்குள் இறங்குவது உண்மை. நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் தாய்மார்களை எலிசபெத் பிளாக்பர்னும் எலிஸா எபெலும் 2004இல் ஆராய்ந்தார்கள். மிகுந்த அழுத்தத்தை உணர்ந்த பெண்களின் குரோமோசோம் முனைகள், பத்து ஆண்டாவது மூத்தவர்களுக்குரிய அளவு தேய்ந்திருந்தன. அப்படிப்பட்ட ஒரு தாய் உங்கள் உறவில் இருந்தால், வாரத்தில் ஒரு மாலை அந்தக் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவளைத் தியானம் செய்யச் சொல்வதைவிட அது மேலான மருந்து.

எல்லாருக்கும் எல்லாமே தேர்வு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடி உப்பளத்தில் நிற்பவர்களிடம் “வெயிலில் போகாதீர்கள்” என்று எப்படிச் சொல்வது? கடும் வெப்பத்தில் வேலை செய்யும் உப்பளத் தொழிலாளர்களிடம் சிறுநீரகப் பாதிப்பு இருப்பதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். நிழல், குடிநீர், கழிப்பறை, இடைவேளை ஆகிய நான்கையும் வேலை கொடுப்பவர் தந்தாக வேண்டும். இதில் அறிவுரைக்கு வேலையில்லை, சட்டத்துக்குத்தான் வேலை.

உங்கள் உடலின் வேகத்தை அறிய எளிய சோதனை உண்டு. கைப்பிடி இல்லாத நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, அரை நிமிடத்தில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது வரையிலான ஆண் 14 முறையும், பெண் 12 முறையும் எட்டாவிட்டால் கால் வலு சராசரிக்குக் கீழே என்று பொருள். நாற்பதிலேயே அந்த எண்ணைத் தொடத் திணறினால் இன்றே பயிற்சியைத் தொடங்க வேண்டும். முப்பது வயதைக் கடந்த எல்லோரும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவை இலவசம். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். அவர்கள் கதவைத் தட்டும்போது, “எனக்கு ஒண்ணும் இல்லைம்மா” என்று அனுப்பிவிடாமல் கையை நீட்டுங்கள்.