தீவா, பண்ணையா?

சிநேகிதிக்குப் பரிசு கொடுப்பதென்றால் நம் வீடுகளில் அதற்கென்று பழகிப்போன சாமான்கள் சில உண்டு. எவர்சில்வர் தூக்கு, வெள்ளிக் குங்குமச் சிமிழ், கைத்தறிப் புடவை, மிஞ்சிப் போனால் ஒரு புத்தகம். இவற்றில் ஒரு பெரிய சௌகரியம் என்னவென்றால், பிடிக்காவிட்டால் வாங்கிக்கொண்டவள் அதை அப்படியே அடுத்த கலியாணத்துக்குத் தள்ளிவிடலாம்!

இப்போதோ, "அவளுக்கு ஒரு வீடியோ விளையாட்டு வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எதை வாங்குவது?" என்று கேட்கும் பெண்மணிகள் பெருகிவிட்டார்கள். கேட்கிறவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அல்ல. பாங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் உத்தியோகம் பார்ப்பவர்கள். இரண்டு குழந்தைகளுக்குத் தாயார்கள். துப்பாக்கிச் சண்டையும் மோட்டார் பந்தயமும் அவர்களுக்கு வேண்டாம். சாவகாசமாக விளையாடும்படி ஏதாவது வேண்டும் என்கிறார்கள். விசாரித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறார்கள். ஒன்று 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்'. மற்றொன்று 'ஸ்டார்ட்யூ வேலி'. முன்னது இதுவரை 4 கோடியே 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. பின்னது 2024 டிசம்பருக்குள்ளேயே 4 கோடியே 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆகவே, விற்பனையை வைத்து எது உசத்தி என்று முடிவு கட்டுவதற்கில்லை.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை போலத்தான் தோன்றும். முதல் விளையாட்டில் நீங்கள் ஓர் ஆளில்லாத தீவில் போய் இறங்குகிறீர்கள். பேசும் பிராணிகள் உங்களுக்கு அண்டை வீட்டார். மீன் பிடிக்கலாம், பட்டாம்பூச்சி பிடிக்கலாம், மண்ணைத் தோண்டி எடுத்த பழங்கால எலும்புகளை மியூஸியத்துக்குக் கொடுக்கலாம். அந்த மியூஸியத்தின் நிர்வாகி ஓர் ஆந்தை. அதற்குப் பூச்சி என்றால் மகா அருவருப்பு! டாம் நூக் என்பவர் வீடு கட்டக் கடன் தருகிறார். முதல் வீட்டுக்கு 98,000 'பெல்'. வட்டி கிடையாது, கெடுவும் கிடையாது. இப்படி ஒரு லேவாதேவிக்காரரை நம் ஊரில் எந்தத் தெருவில் தேடுவது?

இரண்டாவதில் உங்களுக்குப் பாட்டனார் சொத்தாக ஒரு பாழடைந்த பண்ணை வந்து சேருகிறது. பட்டணத்துக் கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு அங்கே போகிறீர்கள். கல்லையும் கட்டையையும் அப்புறப்படுத்தி, விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, கோழியும் மாடும் வளர்க்கிறீர்கள். பக்கத்துச் சிற்றூரில் முப்பதுக்குக் குறையாத மனிதர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குணம், ஒரு கதை. விருப்பமிருந்தால் அவர்களில் ஒருவரைக் கலியாணமும் செய்துகொள்ளலாம்.

இவை பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் இரண்டுக்கும் உள்ள உறவு இன்னும் நன்றாகப் புரியும். ஜப்பானில் சிபா என்ற பகுதியிலிருந்து கியோட்டோ நகரத்துக்கு நின்டெண்டோ கம்பெனி வேலைக்காக வந்தவர் கட்சுயா எகுச்சி. குடும்பத்தையும் சிநேகிதர்களையும் விட்டு வந்த இடத்தில், அவர்களோடு சும்மா உட்கார்ந்து பேசுவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது அவருக்குத் தெரிந்தது. அந்த ஏக்கத்திலிருந்து பிறந்ததுதான் 2001-இல் வெளியான முதல் 'அனிமல் கிராசிங்'. பண்ணை விளையாட்டின் பூர்வோத்தரமும் ஏறக்குறைய இதேதான். கியூஷு தீவின் நாட்டுப்புறத்திலிருந்து டோக்கியோவுக்கு வந்த யசுஹிரோ வாடா, விட்டு வந்த வயல்வெளியை நினைத்து 1996-இல் 'ஹார்வெஸ்ட் மூன்' என்ற விளையாட்டைச் செய்தார். அதைச் சிறு வயதில் விளையாடி வளர்ந்தவர் எரிக் பரோன் என்ற அமெரிக்க வாலிபர்.

பரோனின் கதையைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். 2011-இல் கம்ப்யூட்டர் பட்டம் பெற்றார். வேலை கிடைக்கவில்லை. கை பழகட்டுமே என்று ஒரு சிறு விளையாட்டைச் செய்ய உட்கார்ந்தார். சில மாதத்தில் முடியும் என்று நினைத்தது நாலரை வருஷம் இழுத்துவிட்டது. படம், சங்கீதம், கதை, கணக்கு எல்லாம் அவர் ஒருவரே. மாலை வேளைகளில் சியாட்டில் நகரத்து நாடகக் கொட்டகை ஒன்றில் வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் வேலை. வீட்டுச் செலவின் பெரும் பாரத்தைச் சுமந்தவள் அவருடைய காதலி. 2016 பிப்ரவரி 26-ஆம் தேதி விளையாட்டு வெளியாயிற்று. கோடிக்கணக்கில் பணம் வந்தது. அதற்கப்புறமும் அவர் வருஷக்கணக்காகப் புதுப் பகுதிகளைச் செய்து, முன்பே வாங்கியவர்களுக்கு இனாமாகவே கொடுத்துவந்தார். 2024 மார்ச்சிலும் அப்படி ஒரு பெரிய பகுதி வந்தது. நாலரை வருஷம் வாடகை கொடுத்த அந்தப் பெண்மணியைப் பற்றி யாராவது ஒரு விளையாட்டுச் செய்தால் நான் முதல் ஆளாய் வாங்குவேன்.

சரி, எதை வாங்குவது? அதைத் தீர்மானிக்கக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

'அனிமல் கிராசிங்' ஊர்க் கடிகாரப்படி நடக்கிற விளையாட்டு. உங்கள் வீட்டுக் கூடத்தில் மணி ஏழு என்றால் தீவிலும் மணி ஏழு. கடை காலை எட்டுக்குத் திறந்து இரவு பத்துக்குச் சாத்தப்படும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டெய்ஸி மே என்ற பன்றிக்குட்டி தலையில் டர்னிப் கிழங்கைச் சுமந்துகொண்டு வருவாள். மத்தியானம் பன்னிரண்டு அடித்தால் போய்விடுவாள். வாங்கிய கிழங்கைச் சனிக்கிழமைக்குள் நல்ல விலை பார்த்து விற்றாக வேண்டும். அடுத்த ஞாயிறு அழுகிவிடும். விலையோ தினம் இரண்டு தரம் மாறும். இந்த வியாபாரத்தில் இறங்கிவிட்ட மாமிகள், வீட்டில் தங்கம் விற்கும் விலையைக்கூட மறந்துவிடுகிறார்கள்! வடபாதி உலகம் என்று குறித்துவிட்டால் ஜூனில் மின்மினி, டிசம்பரில் பனி. நமக்கு மார்கழிக் குளிரே பெரிது. வாசலில் பனிப் பொம்மை செய்து பார்ப்பது ஒரு வேடிக்கைதான்.

'ஸ்டார்ட்யூ வேலி'யில் கடிகாரம் அதனுடையது. நீங்கள் எந்த நேரத்தில் திறந்தாலும் அங்கே காலை ஆறு மணி. ஒரு நாள் என்பது நம் கணக்கில் சுமார் பதினாலு நிமிஷம். குக்கர் விசில் அடித்தால் பையைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகலாம். தனியாக விளையாடும்போது காலம் அப்படியே நின்றுவிடும். ஆனால், அந்தப் பதினாலு நிமிஷத்துக்குள் அவசரம் உண்டு. பயிருக்குத் தண்ணீர், மாட்டுக்குத் தீனி, கடை சாத்துமுன் விதை. பின்னிரவு இரண்டு மணிக்குள் படுக்காவிட்டால் மயங்கி விழுந்து, கையிலிருந்த காசிலும் கொஞ்சம் போய்விடும். இருபத்தெட்டு நாளில் பருவம் மாறும்; அறுக்காமல் விட்ட பயிர் பெரும்பாலும் பட்டுப்போகும். "இன்னும் ஒரே ஒரு நாள்" என்று சொல்லிக்கொண்டு நடுநிசி வரை உட்கார வைக்கும் குணம் இதற்கு உண்டு. மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து டிபன் கட்ட வேண்டியவளுக்கு இதைக் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியமானது. தீவை நீங்கள் ஒரு மாதம் எட்டிப் பார்க்காமல் இருந்தால், திரும்பிப் போகும்போது களை மண்டியிருக்கும், வீட்டுக்குள் கரப்பான் பூச்சி ஓடும், அண்டை வீட்டார், "இத்தனை நாளாக எங்கே போயிருந்தாய்?" என்று கேட்பார்கள். அன்போடுதான் கேட்பார்கள். ஆனாலும், நாள் முழுவதும் மாமியார், மைத்துனி, மேலதிகாரி ஆகியோருக்கு ஜவாப் சொல்லிக் களைத்தவளுக்கு, ஒரு பொம்மை முயலுக்கும் ஜவாப் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். பண்ணையில் அந்தப் பேச்சே இல்லை. ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும், விட்ட இடத்தில் விட்டபடி நாற்று நிற்கும்.

இதையே திருப்பியும் பார்க்கலாம். 2020 மார்ச் 20-ஆம் தேதி 'நியூ ஹொரைசன்ஸ்' வெளிவந்தபோது பாதி உலகம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தது. ஆறே வாரத்தில் 1 கோடியே 34 லட்சம் பிரதிகள் விற்றன. வெளியே போக முடியாதவர்களுக்கு, காலையில் எழுந்தால் போய்ப் பார்க்க ஒரு தெரு இருந்தது, "எங்கே காணோம்?" என்று கேட்க நாலு பேர் இருந்தார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகள் வெளிதேசம் போய்விட்ட ஒரு தோழிக்கு அந்தக் கேள்வி தேனாக இருக்கலாம். அவளுக்குத் தீவைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

என் சிநேகிதி ஒருத்தி நர்ஸ். மத்தியான ட்யூட்டி முடிந்து அவள் வீடு வந்து சேர இரவு மணி பதினொன்று ஆகும். தீவில் அந்நேரம் கடை சாத்தியாகிவிட்டது; மியூஸியமும் நட்சத்திரங்களும்தான் மிச்சம். ஆகவே அவளுக்குப் பண்ணைதான் என்று சுலபமாகத் தீர்மானித்துவிட்டேன். வாங்கப் போகும் சமயத்தில் ஒன்று நினைவுக்கு வந்து என்னை நிறுத்திவிட்டது. அந்த விளையாட்டு எப்படித் தொடங்குகிறது தெரியுமோ? படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவர், அந்திமக் காலத்தில், பேரக் குழந்தையின் கையில் முத்திரையிட்ட ஒரு கடிதத்தைக் கொடுக்கிறார். மூன்றாவது வருஷம் பிறக்கும்போது அதே பாட்டனார் ஆவியாக வந்து, பண்ணை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிறார். என் சிநேகிதி தகப்பனாரை இழந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. கடைசி மூன்று வாரமும் அவர் படுக்கையருகே இருந்தவள் அவள்தான்.

அந்த ஊரில் துக்கம் இதோடு நிற்கவில்லை. குடியில் மூழ்கி, உயிர் எதற்கு என்று புலம்பும் வாலிபன் ஒருவன் இருக்கிறான். யுத்தத்திலிருந்து திரும்பி வந்தும் நிம்மதி காணாத சிப்பாய் ஒருவன். சக்கர நாற்காலியில் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் தாத்தா ஒருவர். சுரங்கத்துக்குள் போனால் கத்தி எடுத்துச் சண்டையும் போட வேண்டும். தீவில் மரணம் என்பதே கிடையாது. குளவி கொட்டினால் முகம் வீங்கும், அவ்வளவுதான்.

தீவையே வாங்கிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். துக்கத்தில் இருப்பவளைச் சர்க்கரைப் பாகில் முக்கி வைப்பதும் ஓர் அவமரியாதையோ என்றும் தோன்றிற்று. ஆஸ்பத்திரியில் தினம் சாவைப் பார்க்கிறவள் அவள். அவளிடமிருந்து எதை மறைப்பது? கடைசியில் பண்ணையைத்தான் வாங்கினேன். கூடவே ஒரு சீட்டில், "ஆரம்பத்தில் ஒரு பெரியவர் படுத்திருப்பார். பார்க்க வேண்டாமென்று இருந்தால், பெயர் எழுதும் பக்கத்திலேயே முன்கதையைத் தாண்டிப் போக ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் குறி போட்டுவிடு" என்று எழுதி வைத்தேன். குறி போட்டாளா, இல்லையா என்று நான் கேட்கவில்லை. சுரங்கத்தைவிட முள்ளங்கிப் பாத்திதான் பிடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

இனிக் காசு விஷயம். 'அனிமல் கிராசிங்' நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிகளில் மட்டுமே ஓடும். அமெரிக்காவில் அதன் விலை 60 டாலர். 'ஸ்டார்ட்யூ வேலி' கம்ப்யூட்டர், கைபேசி, மற்றக் கம்பெனிக் கருவிகள் எல்லாவற்றிலும் ஓடும். அங்கே கம்ப்யூட்டர் பிரதி 15 டாலர்தான். சிநேகிதி வீட்டில் எந்தக் கருவி இருக்கிறது என்பதை அவள் தம்பியிடமோ, பிள்ளையிடமோ ரகசியமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்விட்ச் இல்லாதவளுக்குத் தீவை வாங்கிக் கொடுப்பது, பெட்டியில்லாமல் சாவி கொடுத்த கதைதான். இரண்டு விளையாட்டிலும் தமிழ் கிடையாது என்பதையும் கவனியுங்கள். படிக்க வேண்டிய இங்கிலீஷ் ஏராளம்.

பிள்ளைகள் உள்ள வீடாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. ஒரு ஸ்விட்ச் கருவிக்கு ஒரே தீவுதான். யார் முதலில் தொடங்குகிறார்களோ அவர்தான் அந்தத் தீவின் பிரதிநிதி. பாலம் எங்கே, படி எங்கே என்பதெல்லாம் அவர் கையில். மற்றவர்கள் அதே தீவில் குடித்தனக்காரர்கள். அம்மாவுக்கு வந்த பரிசை, அவள் அடுக்களையிலிருந்து வருவதற்குள் பத்து வயசுப் பையன் பிரித்துத் தொடங்கிவிட்டால், தீவு அவனுடையது! ஆகவே பொட்டலத்தின் மேல் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். பண்ணையில் இந்தத் தகராறு இல்லை. ஆளுக்கொரு பண்ணை வைத்துக்கொள்ளலாம்.

பண்ணையே என்று முடிவு செய்துவிட்டால், கூட ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். முதல் நாள் காலையில் ஊர்த் தலைவர் பதினைந்து பார்ஸ்னிப் விதை வைத்துவிட்டுப் போயிருப்பார். வெள்ளைக் காரட் போன்ற ஒரு கிழங்கு அது. மழை பெய்யாத நாளில் தவறாமல் தண்ணீர் விட்டால் நாலே நாளில் பிடுங்கலாம். அத்தனையையும் விற்றுவிடாமல் ஐந்தாறைப் பெட்டியில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பின்னால் கேட்பார்கள்.